சிங்கப்பூர்–மெல்பர்ன் விமானத்தில் மெட்டல் டிடெக்டர்: எதை எந்தப் பையில் வைப்பது?

செம்மண்
வணக்கம். அடுத்த மாதம் மெல்பர்ன் போய், அங்கிருந்து விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோ, டனோலி பக்கம் தங்கம் தேடப் போகிறேன். கையில் இருப்பவை: மைன்லேப் ஜிபிஎக்ஸ் 6000 டிடெக்டர், அதோடு வந்த 11, 14 அங்குலக் காயில்கள் (தண்டின் நுனியில் மாட்டும் தேடு தட்டுகள்), ப்ளூடூத் ஹெட்போன், 9 வோல்ட் பேட்டரி போடும் பின்பாயிண்டர் (தோண்டிய குழிக்குள் உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவி), காந்தம் பதித்த பிக்காசு. கேபின் பைக்கு 7 கிலோதான். எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைச் செக்-இன்னில் போடுவது? ஸ்கேன் செய்தால் காயில் கெடுமா?

காயில்காரன்
எக்ஸ்ரேயால் காயிலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்புக் கம்பிச் சுற்று.

முக்கியம் பேட்டரிதான். கருவியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி கேபினில் மட்டுமே வரலாம். பவர் பேங்குக்கும் இதே விதி. 100 வாட்-அவர் (பேட்டரி தாங்கும் மின்னாற்றலின் அளவு) வரை யாரிடமும் கேட்க வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் உதிரியாக இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணிப் பையில் இடமே இல்லை. உங்கள் பேட்டரி 100-க்குள்தான். ஆனால் லேபிள் அழிந்திருந்தால் அதிகாரி ஏற்க மாட்டார், எண் தெளிவாகத் தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள். வாட்-அவர் போடாத பேட்டரி என்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனி உறையில் வையுங்கள்.

பின்பாயிண்டரில் இருக்கும் 9 வோல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பையில் எதுவோ பட்டனை அழுத்தினால் அது வழியெல்லாம் அதிர்ந்து சத்தம் போடும், பெட்டியைச் சோதனைக்குத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தப் பேட்டரிக்கு இரு முனையும் ஒரே பக்கம் என்பதால் ஒரு சாவி பட்டாலே ஷார்ட் ஆகும். மூடி போடாமல் வைக்காதீர்கள்.

பெட்டிக்கட்டு
பேட்டரியும் ஹெட்போனும் கேபினில். தண்டு, காயில், பிக்காசு மூன்றும் செக்-இன். கருவியின் எலெக்ட்ரானிக்ஸ் பாகத்தைக் கேபினில் கொண்டுபோகச் சிலர் சொல்வார்கள். ஜிபிஎக்ஸ் 6000-இல் அது தண்டோடு சேர்ந்தே இருப்பதால் அந்த யோசனை ஒத்துவராது. பாதுகாப்புச் சோதனையில் தண்டைத் தடி என்று பிடித்துக்கொள்வார்கள்.

காயிலில் முதலில் உடைவது போல்ட் மாட்டும் காதுகள். பெட்டியின் நடுவில் தட்டையாகப் படுக்கவைத்து, மேலும் கீழும் துணி கொடுங்கள். சக்கரப் பக்கம் வேண்டாம், அடி முழுக்க அங்கேதான் விழும். கேபிளை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாக விடுங்கள், பிளக்கின் பின்கள் வளையாமல் இருக்க மூடி போடுங்கள். பிளாஸ்டிக் போல்ட், நட், ரப்பர் வாஷர் ஆகியவற்றை ஒரு சிறு உறையில் போட்டு, இன்னொரு செட்டைக் கேபினில் வையுங்கள். அந்த ஒரு போல்ட் தொலைந்தால் டனோலியில் கருவியை மாட்டவே முடியாது.

வண்டல்
மண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆஸ்திரேலியாவில் பெட்டியைத் திறக்கவைப்பது டிடெக்டர் அல்ல, அதில் ஒட்டிய மண்தான். காயிலுக்கு அடியில் உராய்வைத் தாங்க மாட்டியிருக்கும் ஸ்கிட் பிளேட் என்ற மூடியைக் கழற்றிப் பாருங்கள், இடுக்கில் ஒரு வளையமாக மண் இறுகியிருக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுங்கள். பூட்ஸ் அடிப்பகுதிக்கும் அதே வேலை. சுத்தமாக இருந்தாலும், வெளியிடங்களில் பயன்படுத்திய கருவி, காலணி பற்றி வருகை அட்டை கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்றே குறியுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள். மறைத்தால் அபராதம், விசா ரத்து வரை போகும்.

பிக்காசை விட்டுவிட்டுப் போவது நல்லது. வலுவான காந்தத்துக்கு விமானத்தில் கட்டுப்பாடு உண்டு, மரப்பிடி இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

செம்மண்
நன்றி. பிக்காசை எடுக்கவில்லை. தங்கம் தேடுவதற்கான அனுமதிச் சீட்டு அங்கே போய் வாங்கினால் போதுமா?

வண்டல்
அந்தச் சீட்டுக்கு விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்று பெயர், ஆன்லைனிலேயே கிடைக்கும், 10 ஆண்டு செல்லும். கிளம்பும் முன்பே வாங்கி, தேடும்போது கையில் வைத்திருங்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதமும் தேவை. தேசியப் பூங்காக்களைப் பொறுத்தவரை, அரசு ஒதுக்கிய பகுதிகளைத் தவிர வேறெங்கும் டிடெக்டரை இறக்காதீர்கள்.