மறு: வோல்டேஜ் டிராப்புக்கு தமிழ்ல என்ன? 'வீழ்ச்சி' ஒத்து வரல

ஐயாவுக்கும் மத்த எல்லாருக்கும் வணக்கம். வோல்டேஜ் டிராப், அதாவது கரண்ட் ஓடற வழியில வோல்ட் குறையறது, அதுக்கு 'வீழ்ச்சி'க்கு பதிலா வேற சொல் தேடறதைப் பத்தி ஐயா கேட்டது இது:

> மின்னழுத்த வீழ்ச்சின்னு பாடநூல்லயே இருக்கு, புதுசா எதுக்கு?

பாடநூல் சர்க்யூட்டுக்கு அது சரிதாங்க ஐயா. அங்க ரெசிஸ்டரை நாமளே வெச்சு அதுல எத்தனை வோல்ட் இறங்குதுன்னு கணக்கு போடறோம். ஆனா பழைய கார் ஒன்னு சார்ஜ் ஏறலன்னு வந்து நிக்கும்போது இந்த வார்த்தை ஆளை தப்பான பக்கம் தள்ளிவிட்டுடுது. 'மின்னழுத்த வீழ்ச்சி'ன்னதும் நம்மாளுக்கு தோணுறது சாயங்காலம் வீட்ல ஃபேன் மெதுவா சுத்துமே அந்த லோ வோல்டேஜ்தான், அதாவது கரண்ட் வர்ற இடத்துலயே கம்மியா வருதுன்னு. உடனே ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற மெஷின்) கழட்டு, கார்பன் மாத்து, டையோடு பிளேட் மாத்துன்னு கிளம்பிடுவாங்க.

சமீபத்துல கைக்கு வந்த ஒரு பழைய மாருதி 800 கதை இதுதான். பேட்டரி புதுசு, பெல்ட் டைட்டா இருக்கு, டேஷ்போர்டுல சார்ஜிங் லைட்டும் ஒழுங்கா அணையுது, ஆனா நாலு நாள் ராத்திரியில ஓட்டினா காலைல செல்ஃப் எடுக்காது. இன்ஜின் ஓடறப்போ ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு பேட்டரியில மீட்டர் வெச்சா 12.7 வோல்ட், வேற இடத்துல ஆல்டர்னேட்டர் போச்சுன்னே சொல்லிட்டாங்களாம். அதே நேரம் ஆல்டர்னேட்டரோட பி டெர்மினலுக்கும் (கரண்ட் வெளிய வர்ற முனை) அதோட பாடிக்கும் நடுவுல வெச்சா 14.3. அது பாட்டுக்கு ஒழுங்கா வேலை செய்யுதுங்க! அந்த 1.6 வோல்ட் வர்ற வழியில எங்கயோ போகுது.

இதை புடிக்கிற டெஸ்டுக்குத்தான் நமக்கு பேர் வேணும். மீட்டரோட ஒரு முனை பி டெர்மினல்ல, இன்னொரு முனை பேட்டரி பிளஸ் போஸ்ட்ல (கிளாம்ப்ல இல்ல, ஈயப் போஸ்ட்லயே), லோடு (ஹெட்லைட், புளோயர்) போட்டு வெச்சா நல்ல வண்டியில 0.2, 0.3க்குள்ள நிக்கணும், இதுல 1.6 காட்டுச்சு. எர்த் பக்கம், ஆல்டர்னேட்டர் பாடியில இருந்து பேட்டரி மைனஸுக்கு, ஒன்னுமே இல்ல. அப்ப பிளஸ் லைன்தான், ஒவ்வொரு ஜாயின்ட்டா மீட்டர் முனையை நகர்த்திக்கிட்டே போனா ஒரு ரிங் டெர்மினல் (ஒயரை போல்ட்ல மாட்டற வளையம்), உள்ள பூரா களிம்பு ஏறி பச்சையா இருக்கு, தொட்டா சுடுது. சுடாம என்ன செய்யும், 15 ஆம்பியர் ஓடுதுன்னு வெச்சாலே 24 வாட், இண்டிகேட்டர் பல்பே 21 வாட்தான்.

வேடிக்கை என்னன்னா இன்ஜினை நிறுத்தி லைட்டை எல்லாம் அணைச்சுட்டா இந்த 1.6 காணாமப் போயிடும், மீட்டர்ல கன்டினியூட்டி பீப் (ஒயர் அறுபடலன்னா கத்தற செட்டிங்) வெச்சா நல்லாவே கத்தும். கரண்ட் ஓடினாத்தான் இழப்பு, ஓடலன்னா ஒயர் சொக்கத்தங்கம் மாதிரி நடிக்கும். 'வீழ்ச்சி'ங்கிற சொல்லுல இது எங்கயுமே இல்ல.

அதனால என் பரிந்துரை: வழிச்சேதாரம்.

நகைக்கடை பில்லுல செய்கூலி, சேதாரம்னு பார்க்காத ஆள் உண்டா? சரக்கு சரியாத்தான் இருந்துச்சு, நடுவுல கொஞ்சம் போச்சு, எவ்வளவு போச்சுன்னு கணக்கு கேக்கலாம், ரொம்ப போனா சண்டை போடலாம். 0.2 வோல்ட்னா நியாயமான சேதாரம், 1.6ன்னா கொள்ளை.

> வழியிழப்பு நல்லா இருக்கே?

அக்கா, நானும் யோசிச்சேன், ஆனா காதுல கேட்டா வழி தவறிப் போன மாதிரி இருக்கு. 'மின்னழுத்த'ன்னு முன்னாடி சேர்க்கவும் வேணாம், நீளமா இருந்தா பட்டறையில ஒருத்தனும் சொல்ல மாட்டான், சொல்லாத சொல்லை அகராதியில மட்டும் வெச்சு பூஜை பண்ணி என்ன ஆகப்போகுது. பிளஸ் சேதாரம், எர்த் சேதாரம்னு பிரிச்சும் சொல்லிக்கலாம்.

ஒரு எல்லை மட்டும் போடணும். டையோடுல 0.7 வோல்ட் இறங்கறது அதோட குணம், அது சேதாரம் ஆகாது, அங்க பாடநூல் சொல்லே இருக்கட்டும். ஒயர், லக், கிளாம்ப், ஃபியூஸ், சுவிட்ச்னு கரண்ட் சும்மா கடந்து போக வேண்டிய இடத்துல வீணாறதுக்கு மட்டும் இது. பழைய அம்பாசடர்ல டைனமோவும் (ஆல்டர்னேட்டருக்கு முந்தின சார்ஜிங் மெஷின்) கட்அவுட் பாக்ஸும் (பேட்டரி கரண்ட் டைனமோவுக்கு திரும்பி ஓடாம தடுக்கறது) இருந்தா அங்கயும் இதே சொல் பொருந்தும், சொல்லப்போனா அங்கதான் ஜாயின்ட் அதிகம்.

ஆல்டர்னேட்டருக்கு மாறுதிசை மின்னியற்றியா வேற பேரான்னு மூணு வாரமா ஓடற சண்டையில நான் இல்லைங்க, ஆல்டர்னேட்டர்னு சொன்னா கடைக்காரருக்கே புரியுது. அகராதிப் பதிவுக்கான வரி இது, திருத்தம் இருந்தா சொல்லுங்க:

வழிச்சேதாரம்: கரண்ட் ஓடும்போது ஒயரிலும் இணைப்புகளிலும் வீணாகும் வோல்ட் அளவு. லோடு இல்லாமல் அளந்தால் தெரியாது.