பிஜிவெக்டர்: ஃபில்டர் போட்டால் ரிசல்ட் குறைகிறது

நகரிக்காரன்:
இங்கே நகரியில் ஒரு விசைத்தறிச் சேலைக் கடைக்குத் தேடல் செய்கிறேன், படம் கொடுத்தால் அதே மாதிரி பார்டர் உள்ள சேலைகள் வர வேண்டும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், அதில் படங்களை எண் வரிசைகளாக (வெக்டர்) வைத்து நெருக்கமானவற்றைத் தேடும் பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷன். ஹெச்என்எஸ்டபிள்யூ (HNSW, தோராயமாக ஆனால் வேகமாகத் தேடும் வகை) இண்டெக்ஸ் போட்டதும் வேகம் சரி, ஆனால் 'காட்டன் மட்டும்' என்று 20 கேட்டால் நாலுதான் வருகிறது! இண்டெக்ஸை எடுத்தால் 20-ம் வருகிறது.

புத்தூர் தறி:
அது அப்படித்தான் தம்பி. இண்டெக்ஸ் முதலில் நெருக்கமானவற்றை எடுக்கும், அப்புறம்தான் WHERE கண்டிஷன், அதாவது உங்கள் 'காட்டன் மட்டும்' ஃபில்டர், சலிக்கும். இண்டெக்ஸ் ஒரு தடவையில் எத்தனை எடுக்கும் என்பதை வைக்கும் ஈஎஃப்_சர்ச் (ef_search) டிஃபால்ட் 40, சரக்கில் பத்தில் ஒன்று காட்டன் என்றால் நாலுதானே மிஞ்சும். 200 ஆக்கிப் பாருங்கள். பிஜிவெக்டர் 0.8 பதிப்பு என்றால் இட்டரேட்டிவ் ஸ்கேனை ஆன் செய்யுங்கள், கேட்ட அளவு கிடைக்கும் வரை, ஒரு உச்சவரம்புக்குள், அதுவே மேலும் தேடும்.

எல்லைக்கோடு:
காட்டன் சில ஆயிரம்தான் என்றால் வெக்டர் இண்டெக்ஸே எதற்கு? சேலை வகை உள்ள நெடுவரிசையில் (column) சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் போதும், விடையும் துல்லியம். நிறைய இருந்தால் வகைக்கு ஒரு பார்ஷியல் இண்டெக்ஸ், அதாவது அந்த வகைச் சேலைகளுக்கு மட்டுமான இண்டெக்ஸ். ஐவிஎஃப்ஃப்ளாட் (IVFFlat, இன்னொரு வகை வெக்டர் இண்டெக்ஸ்) பக்கம் போனால் மட்டும் காலி டேபிளில் போட்டுவிடாதீர்கள், டேட்டா ஏற்றிய பிறகுதான்.

நகரிக்காரன்:
0.7 தான் இருந்தது. 0.8 ஏற்றி, இட்டரேட்டிவ் ஸ்கேனை ரிலாக்ஸ்டு ஆர்டரில் வைத்தேன், 20-ம் வந்துவிட்டது. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, கடைக்காரருக்கு அது தெரியப்போவதில்லை. நன்றிண்ணே.