கரைவலை அம்பாவை ரீமிக்ஸ் செய்யலாமா?

கொட்டியாரக்குடா:
நேற்றுப் பின்னேரம் திருக்கோணமலை டச் பே கடற்கரை மணலில் ஹெட்போனோடு இருந்து 'என்ஐடி டேப்ஸ்' ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். கேள்விப்படாதவர்களுக்கு: 1969இல் அமெரிக்க இசைக்கலைஞரான டேவிட் டியூடர், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து ஓர் ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா போன்றவர்கள் 1972 வரை அங்கே செய்த பதிவுகள் ஆவண அறையிலேயே கிடந்தன. இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுத்தார். லண்டனில் உள்ள ஸ்டேட்51 என்ற சுயாதீன இசை வெளியீட்டு லேபிள் 2023இல் வெளியிட்டது. ஐம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த சத்தம் இன்றைக்குச் செய்தது போல இருக்கிறது.

கேட்டு முடித்ததிலிருந்து ஒரே யோசனை. நம் கரைவலைக்காரர் கரையில் நின்று வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களைப் பதிவு செய்து, நாலைந்து பேரிடம் ரீமிக்ஸுக்குக் கொடுத்து, இணையத்தில் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நாமே போட்டால் என்ன? டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 வீதம்தான். பெரிய கம்பனி எதுவும் தேவையில்லை.

வெந்நீர்க்கிணறு:
தம்பி, அந்த ஆல்பத்தை நானும் கேட்டேன். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் அம்பாவைத் தொட வேண்டாம். என் அப்பா வலை இழுத்தவர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுப்பார்கள். வலை தூரத்தில் நிற்கும்போது பாட்டு மெதுவாகப் போகும், மீன் சேரும் மடி கரையை நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கும். அந்த வேகத்தை முடிவு செய்வது கயிற்றின் பாரம். அதை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கினால் பாரம் எங்கே போகும்?

ரேடியோக்கடை:
அண்ணை, ரீமிக்ஸ் என்றால் வெட்டி ஒட்டுவது மட்டும் இல்லை. எழுபதுகளில் ஜமைக்காவில் டப் இசையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கிங் டப்பி. அவர் ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் திருத்திப் பிழைத்தவர். என் தொழிலும் அதுதான் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். பாட்டிலிருந்து குரலை எடுத்துவிடுவார், பாஸையும் டிரம்ஸையும் விடுவார், பிறகு குரலின் ஒரு துண்டை மட்டும் எதிரொலியில் மிதக்க விடுவார். இல்லாத குரல் அப்போதுதான் கூடுதலாகக் கேட்கும்.

இன்னொன்று. 1982இல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை ரோலண்ட் 303, 808 போன்ற மின்னணு இசை இயந்திரங்களோடு வாசித்து ஒரு தட்டுக்குப் பதிவு செய்தார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. 2010இல் ஒரு சிறிய லேபிள் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் கேட்டது. ராகம் கெட்டுப்போகவில்லையே.

வெந்நீர்க்கிணறு:
சரண்ஜித் சிங் தன் கையால் வாசித்தார். ராகம் அவர் படித்தது. டப்பியிடம் வந்த பாடகர்கள் ஒலிக்கூடத்துக்குப் பாடத்தான் வந்தார்கள். இங்கே அப்படி இல்லை. எங்கள் மீன்வாடிக்கு ஒருமுறை ஒருவர் ரெக்கோர்டரோடு வந்தார். இரண்டு நாள் எங்களோடு சாப்பிட்டார். 'உங்கள் குரல் உலகம் எல்லாம் போகும்' என்றார். போனது உண்மைதான். பல வருடம் கழித்து ஒரு கசெட்டில் அப்பாவின் குரலைக் கேட்டேன். உறையில் 'மீனவர் பாடல்' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதை மறக்க என்னால் முடியாது.

உவர்மலை:
அக்காவாக ஒன்று சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். இப்போது எத்தனை கரையில் கையால் வலை இழுக்கிறார்கள்? டிராக்டரில் கயிறு சுற்றும் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். அந்த இரைச்சலுக்குள் யார் அம்பா பாடுவது? பழைய பாட்டை மட்டும் பதிவு செய்து 'இதுதான் எங்கள் கடற்கரை' என்றால் அது பொய். எஞ்சின் திணறும் சத்தம், கயிறு சுற்றும் சத்தம், மீன் கொட்டியதும் ஏலம் கூறும் குரல், இவைதான் இன்றைய கரை. 1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ரயில் சத்தத்தை மட்டும் எடுத்து இசை செய்தார். நமக்கு டிராக்டர் கிடக்கிறது.

சம்பந்தர் திருக்கோணமலைப் பதிகத்தைத் தொடங்குவதே கழலும் சிலம்பும் எழுப்பும் ஒலியில். அந்த முதல் பாட்டை முடிக்கும்போது 'குரைகடல்', அதாவது இரையும் கடல், என்கிறார். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

ரேடியோக்கடை:
எஞ்சினை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குரலே இல்லாமல் எஞ்சினை மட்டும் போட்டால் அந்தப் பாட்டு நின்றுபோனது கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

கொட்டியாரக்குடா:
வெந்நீர்க்கிணறு அண்ணை, கசெட் கதையைப் படித்த பிறகு நான் முதலில் சொன்ன யோசனையை மாற்றவேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் அம்பா வெட்டாமல் முழுதாக, பாடியவர் ஒவ்வொருவரின் பெயரோடு. அது தனி வெளியீடு, பணம் முழுக்க அவர்களுக்கு. ரீமிக்ஸ் அதற்குப் பிறகு, பாடியவர் கேட்டுச் சம்மதித்தால் மட்டும். ஆனால் ரீமிக்ஸை முழுதாகக் கைவிடமாட்டேன். என் வயதுப் பெடியள் பழைய பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு மூடிவிடுவார்கள். பாஸோடு வந்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், பிறகு மூலத்தைத் தேடி வருவார்கள். நானே அந்த அகமதாபாத் பதிவுகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

வெந்நீர்க்கிணறு:
அப்பாவின் குரலை ரீமிக்ஸுக்குத் தரமாட்டேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் அப்பாவோடு இழுத்த சித்தப்பா ஒருவர் இருக்கிறார், இன்னும் அடி எடுத்துக் கொடுப்பார். முடிவு அவருடையது. வாடைக்காற்று தொடங்கமுன் வா, கடல் கொந்தளித்தால் வலை வளைக்கமாட்டார்கள். டிராக்டர் சத்தத்தையும் அன்றைக்கே எடு. எடுத்ததை அங்கேயே அவர் காதில் ஹெட்போனை மாட்டிப் போட்டுக்காட்டு. அவர் 'அழி' என்றால் அழிக்கவேண்டும்.

கொட்டியாரக்குடா:
சரி அண்ணை. ஞாயிறு விடியவே வருகிறேன். ரேடியோக்கடை, உங்கள் நல்ல மைக்கை இரவல் தருவீர்களா? கடற்காற்றுக்குப் பஞ்சு உறையும் வேண்டும்.