திருச்சி–சிங்கப்பூர்: வான்வழித் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

கேள்வி (காரைக்குடி): எங்கள் ஆச்சி திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூரில் இருக்கும் பேரனைப் பார்க்கப் போகிறார்கள். பயணச்சீட்டின்படி, புறப்படுவதற்கும் இறங்குவதற்கும் இடையே ஆறே முக்கால் மணி நேரம் தெரிகிறது. அவர்கள் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் என்பதால், உண்மையான பயண நேரத்தையும் தூரத்தையும் அறிய விரும்புகிறேன்.

பதில் (தேவகோட்டை): ஐயா, சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம்தான். மாத்திரைக்கு இதையே கணக்கில் கொள்ளுங்கள்.

பதில் (கானாடுகாத்தான்): தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது. இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு, பூமி உருண்டையின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைவைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், அதாவது சுமார் 1,610 கடல் மைல் வருகிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் இது மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்க முறைக்குக் காத்திருப்பதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசுவதால், போகும்போது நேரம் சற்றுக் கூடலாம்.

பதில் (தேவகோட்டை): காரைக்குடியிலிருந்து திருச்சி நிலையத்துக்கான சாலைப் பயணத்தையும், வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று சேர வேண்டியதையும் ஆச்சிக்காகத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.