சரக்குத் தரப்புக் கருத்துரைக் குழு: 'ஃப்ரைட் அட்வைசரி கமிட்டி'க்கான கலைச்சொல் குறித்து

குழுவினருக்கு வணக்கம்.

நகரப் போக்குவரத்துத் திட்டமிடல் சொற்பட்டியலில் 'ஃப்ரைட் அட்வைசரி போர்டு', 'ஃப்ரைட் அட்வைசரி கமிட்டி' (சரக்குப் போக்குவரத்தில் ஈடுபட்டோர் சாலைத் திட்டங்கள் குறித்து நகரத்துக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு) இரண்டுக்கும் 'சரக்கு ஆலோசனைக் குழு' என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் சுருக்கமாக இருக்கிறது, பழகிய சொற்களால் ஆனது. ஆனாலும் அந்த அமைப்பில் யார் அமர்கிறார்கள், அவர்கள் பேச்சு எதுவரை செல்லும் என்பதைப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இவ்வமைப்பு பெரிதும் அமெரிக்க நகரங்களில் வேரூன்றியது. பிலடெல்பியா வட்டாரத் திட்ட ஆணையம் சரக்குப் பெயர்ச்சிக்கென ஒரு பணிக்குழுவை 1992இல் அமைத்தது. போர்ட்லேண்டில் 2003இல் ஒரு சரக்குக் குழு உருவாகி, 2006இல் அந்நகரின் சரக்குப் பெருந்திட்டம் ஏற்கப்பட்டது. நமக்கு மிகவும் பயன்படக்கூடிய எடுத்துக்காட்டு சியாட்டில். அங்கே மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு 1977இலேயே ஓர் ஆலோசனை வாரியம் கிடைத்துவிட்டது. நடந்து செல்பவர்களுக்கும் பின்னர் ஒன்று அமைந்தது. சரக்கு ஏற்றிச் செல்வோருக்கோ 2010இல்தான் கிடைத்தது. துறைமுகத்தையும் டுவாமிஷ் ஆற்றங்கரை ஆலைகளையும் பாலார்டின் படகுத் துறைகளையும் மாநகர எல்லைக்குள்ளேயே வைத்திருக்கும் ஓர் ஊரில் இவ்வளவு தாமதம் ஏற்பட்டது விந்தைதான். சாலையே லாரிகளுக்காகத்தானே இருக்கிறது, அவற்றுக்குத் தனிக்குரல் எதற்கு என்ற எண்ணம் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த வாரியத்தின் வேலை, மேயருக்கும் நகர மன்றத்துக்கும் மாநகரத் துறைகளுக்கும் சரக்குப் போக்குவரத்து தொடர்பாகக் கருத்துச் சொல்வது. ஒரு தெருமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பவர்கள் கடக்க வேண்டிய தொலைவு குறைய வேண்டும் என்பதற்காக நடைபாதையின் முனையைச் சாலைக்குள் நீட்டிக் கட்டுகிறார்கள். 53 அடி நீளப் பெட்டியை இழுத்துவரும் வண்டி அங்கே திரும்பும்போது முன்சக்கரங்கள் போன தடத்தில் பின்சக்கரங்கள் போவதில்லை. உட்பக்கமாக வெட்டிக்கொண்டு, மக்கள் காத்து நிற்கும் அந்த நடைபாதையின் மேலேயே ஏறும். வரைபடத்தில் இதை முன்கூட்டியே கண்டு சொல்லக்கூடியவர், அத்தகைய வண்டியைத் திருப்பிப் பழகியவர். அவரைக் கேட்காமல் கட்டினால் நடப்பவருக்கும் நன்மையில்லை. ஆனால் அவர் சொன்னதை ஏற்பதும் தள்ளுவதும் நகரத்தின் உரிமை. பாலார்டு வழியே செல்லும் பர்க்–கில்மன் மிதிவண்டித் தடத்தில் விடுபட்டுப்போன 1.4 மைல் துண்டைக் கட்டுவதை எதிர்த்து அங்குள்ள தொழில் நிறுவனங்கள் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இத்தகைய வாரியத்தின் வாய்ச்சொல்லுக்குத் தடுக்கும் வலிமை இல்லை என்பது விளங்கும்.

யார் அமர்வது என்பதற்கு, மாநில அளவிலான இத்தகைய குழுக்களைப் பற்றிப் பேசும், அமெரிக்கக் கூட்டரசின் 2015ஆம் ஆண்டு ஃபாஸ்ட் சட்டம் (தரைவழிப் போக்குவரத்துச் சட்டம்) தெளிவான விடை தருகிறது. துறைமுகங்கள், சரக்கு ரயில் நிறுவனங்கள், சரக்கு அனுப்புவோர், ஏற்றிச் செல்வோர், சரக்குத் தொழிலில் உழைப்போர், மாநிலப் போக்குவரத்துத் துறை, உள்ளாட்சிகள் ஆகிய அனைவரின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்கிறது அது. ஆகவே இழையில் வந்த இன்னொரு முன்மொழிவான 'சரக்கு வணிகர் குழு' பொருந்தாது. ஓட்டுநரும் சுமைப்பணியாளரும் வணிகர் அல்லர்.

இனி, சொல்லுக்கு வருவோம். 'சரக்கு' மட்டும் தனியே நின்றால் பண்டத்தையே குறிக்கும். 'சரக்கு மற்றும் சேவை வரி' என்பதில் அந்தப் பொருளே. (பேச்சுவழக்கில் அதற்குள்ள இன்னொரு பொருளை நினைத்துச் சிரிப்பவர்களுக்காகக் கலைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை.) நமக்கு வேண்டியது பண்டத்தைப் பற்றிய ஆலோசனை அன்று, பண்டத்தை ஏற்றி, கொண்டுசென்று, இறக்குவதில் பங்குள்ளவர்களின் பேச்சு. அதனால் 'தரப்பு' என்ற சொல் சேர வேண்டும் என்று கருதுகிறேன். அதற்குப் பதிலாகச் 'சரக்கு நலன்கள்' என்று வைத்தால் யாருடைய நலன் என்பது மறைந்துவிடுகிறது.

'அட்வைசரி' என்பதற்கு 'அறிவுரை' கூடாது. தடுப்புக்காவல் வழக்குகளை ஆராயும் அமைப்புக்கு 'அறிவுரைக் கழகம்' என்ற பெயர் தமிழ்நாட்டில் நிலைத்துவிட்டது. மேலும், நகரத்துக்கு லாரி உரிமையாளர் அறிவுரை வழங்குவதாகச் சொன்னால் உறவே தலைகீழாகத் தோன்றும். 'கலந்தாய்வு' கல்லூரிச் சேர்க்கைக்குப் போய்விட்டது. ஈழத்து வழக்கில் உள்ள 'மதியுரை' அழகானது, எனினும் அது ஒரு தனி அறிஞரின் சொல்லையே நினைவூட்டுகிறது. கேட்பவர் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம் என்ற நிலையைக் 'கருத்துரை' நன்றாகக் காட்டுகிறது. எனவே என் முன்மொழிவு: சரக்குத் தரப்புக் கருத்துரைக் குழு.

அன்புடன்.

—

மறுமொழி:

ஐயா, வணக்கம். விளக்கத்துக்கு நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. 'தரப்பு' என்றதும் 'எதிர்த்தரப்பு', 'அரசுத் தரப்பு' என்று நீதிமன்றமே என் கண்முன் வருகிறது; நகரத்தோடு வழக்காட வந்தவர்கள் போன்ற தோற்றத்தைப் பெயரிலேயே கொடுக்க வேண்டுமா? அடுத்து, 'ஆலோசனைக் குழு' அரசு ஆணைகளிலும் செய்தித்தாள்களிலும் ஊறிப்போன சொல். மற்ற எல்லா 'அட்வைசரி கமிட்டி'களும் ஆலோசனைக் குழுக்களாக இருக்க, இது ஒன்று மட்டும் கருத்துரைக் குழுவானால் படிப்பவர் இதை வேறு வகை அமைப்பு என்று எண்ணிவிடுவார். இந்திய அரசின் வணிகத் துறை 2021இல் அறிவித்த சரக்குத் திறன் நகரங்கள் ('ஃப்ரைட் ஸ்மார்ட் சிட்டீஸ்') திட்டத்திலும் நகர அளவிலான குழுக்கள் உண்டு. அவற்றில் அரசுத் துறைகளோடு தனியார் சேவை நிறுவனங்களும் அச்சேவையைப் பெறுவோரும் சேர்ந்தே அமர்கிறார்கள். அதற்கும் உங்கள் சொல்லையே ஆள்வதா?

—

மறுமொழி:

அம்மையீர், இரண்டாவது ஐயத்தை ஏற்கிறேன். ஒரே பட்டியலில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் இருப்பது தீமையே. 'ஆலோசனைக் குழு' என்றே வைத்து, அதன் முடிவு நகரத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை விளக்கக் குறிப்பில் எழுதலாம்.

'தரப்பு' பற்றி மட்டும் உடன்பட இயலவில்லை. மிதிவண்டிக்காரரும் நடப்பவரும் லாரிக்காரரும் ஒரே சாலையின் அகலத்தைப் பங்கு கேட்பவர்கள். ஒவ்வொருவரும் ஒரு தரப்பு என்பதை மறைக்கும் பெயர் நடுநிலையானது என்று நான் எண்ணவில்லை. நீங்கள் குறிப்பிட்ட இந்தியக் குழுவின் நிலை வேறு. அங்கே தனியாரோடு அரசுத் துறைகளும் அமர்ந்து ஒருங்கிணைக்கின்றன என்பதால் அதற்கு 'நகரச் சரக்குப் போக்குவரத்து ஒருங்கிணைப்புக் குழு' எனத் தனிப்பதிவு இடுவது பொருந்தும்.

பட்டியலுக்கான வரைவு இது. சரக்குத் தரப்பு ஆலோசனைக் குழு: சரக்கை அனுப்புவோர், ஏற்றிச் செல்வோர், பெறுவோர், அத்தொழிலில் உழைப்போர் ஆகியோரின் பிரதிநிதிகள், நகரப் போக்குவரத்துத் திட்டங்கள் குறித்து, கட்டுப்படுத்தும் அதிகாரமின்றி, நகர நிருவாகத்துக்கு ஆலோசனை கூறும் நிலையான குழு. மாற்றம் இருப்பின் தெரிவியுங்கள். 'நிலையான' என்பதை நீக்கலாமா என்பதில் எனக்கே இன்னும் தயக்கம் உண்டு.