புதுப்பிப்பு: டீசல் ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகாத லாரி

பட்டறையில் டீசல் ஃபில்டர் மாற்றி எடுத்துவந்த 10 அடி லாரி, மறுநாள் காலை செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது ஓடுகிறது. பாட்டரி, ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினைச் சூடாக்கும் பிளக்) என்று பலரும் சொன்னீர்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன. சிங்கப்பூர் வெக்கையில் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்க எனக்கு மனமும் வரவில்லை.

டீசல் லைனில் புகுந்த காற்றுதான் காரணம். டீசலை ஏற்றும் கை பம்பை அமுக்கினால் கெட்டியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தொளதொளத்துவிடும். காக்கி புக்கிட்டில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஃபில்டருக்கும் இன்ஜின் டீசல் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். குமிழி குமிழியாக ஓடியது. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. அது டாங்கிலிருந்து உறிஞ்சும் பக்கம், காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. ராத்திரி வண்டி நின்றால் டீசல் டாங்குக்கே இறங்கிவிடும்.

ஃபில்டர் தலையில் இருக்கும் பேஞ்சோ போல்ட்டில் (டீசல் குழாயை மாட்டும் துளையுள்ள போல்ட்) பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். நசுங்கி, ஓரத்தில் கீறலும் இருந்தது. புது வாஷர் சில்லறைக் காசுதான்! மாட்டிவிட்டு, காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை பம்ப் அடித்தோம். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

அப்புறம், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும்) வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜெக்டர் பக்கக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும்.