கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி போய்விடுமா? உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரின் மகள்:

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் உண்டு. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்ததால் பல வருடமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூளையே கொழுப்பால் ஆனது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை மூளையையும் சேர்த்துக் கரைத்துவிடும், வயதானவர்களின் மறதிக்கு அதுதான் காரணம் என்று இருந்தது. பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்ற வருத்தம் அப்பாவுக்கு ஏற்கெனவே இருந்தது. பழைய மாணவர் யாராவது கடைத்தெருவில் வணக்கம் சொன்னால், எந்த வருடம் படித்தான், எந்த பெஞ்சில் உட்கார்ந்தான் என்பதெல்லாம் தெரியும், பெயர் மட்டும் வராது. அந்தச் செய்தியை அவர் முழுசாக நம்பிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்.

அடுத்த வருடம் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட வலது கை வரவில்லை. பேச்சும் குழறியது. அம்மா பக்கத்திலேயே இருந்ததால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. கையும் பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. ஆனால் எம்ஆர்ஐயில் அன்றைய அடைப்போடு, முன்பே சத்தமில்லாமல் நடந்துபோன சின்னச் சின்ன அடைப்புகளின் தழும்பும் தெரிந்தது. மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று டாக்டர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. பிரஷருக்கும் இதில் பங்கு உண்டு என்றார்.

நான் இங்கே எழுத வந்தது அதன் பிறகு நாங்கள் பார்ப்பதைப் பற்றி. மறதி என்றால் பேரையும் முகத்தையும் மறப்பது என்றுதான் நினைத்திருந்தோம். அப்பாவுக்கு அது அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்போது தடுமாறுவது வேறு இடத்தில். ஒரு வேலையை எங்கே தொடங்குவது, அடுத்து என்ன என்ற வரிசை பிடிபடுவதில்லை. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் பேரனுக்கு ஒரு நீளமான கணக்கைச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நின்று, மறுபடி முதல் வரிக்கே போகிறார். பேங்க் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதி பல சமயம் இப்படித்தான் இருக்கும், யோசனை மெதுவாகும், திட்டமிடுவது சிரமமாகும் என்று டாக்டர் விளக்கினார். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் வீடுகளிலும் இப்படிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்:

அக்கா, அப்பா இந்த அளவுக்குத் தேறியதே பெரிய விஷயம். எங்கள் சித்தி கதை வேறு மாதிரி. மொத்தக் கொலஸ்ட்ரால் 290 வந்தது. கூடவே ஞாபகம் மந்தம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவார், கேட்ட கேள்விக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். கொலஸ்ட்ரால் மூளையில் போய் அடைத்துக்கொண்டது என்று தெருவே பேசியது. முடி கொட்டுவதும், வெயில் காலத்திலும் குளிருது என்பதும், மலச்சிக்கலும் சேர்ந்திருந்ததால் தைராய்டும் பாருங்கள் என்று நான் சொன்னேன். டிஎஸ்எச் மிக அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன் அது. தைராய்டு சுரப்பு குறைந்தால் கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து எடுப்பது குறையும், அதனால் கொலஸ்ட்ரால் ஏறும். அதே குறைபாடு மூளையையும் மந்தமாக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை ஆரம்பித்த பிறகு கொலஸ்ட்ரால், மந்தம் இரண்டுமே இறங்கி வந்தன. மறதியும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து வந்தால் டிஎஸ்எச் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வைட்டமின் பி12-உம் அப்படித்தான். சைவ உணவுக்காரர்களுக்கும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம், குறைந்தால் மறதி வரும்.

கோவையிலிருந்து:

எனக்கு 54. அட்டோர்வாஸ்டாட்டின் ஆரம்பித்த சில வாரத்தில் தலைக்குள் ஒரு மந்தம். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நின்றுவிடும். டாக்டர் சிரிக்கவில்லை, மனப்பிரமை என்று தள்ளிவிடவும் இல்லை. கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றினார். மந்தம் போய்விட்டது. எல்டிஎல்லும் இறங்கிவிட்டது. ஆகவே எல்லாம் வதந்தி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

சென்னையிலிருந்து, மருந்தியல் கற்பிப்பவர்:

கோவை நண்பர் செய்ததுதான் சரியான வழி. டாக்டரிடம் சொல்லி, அவர் பார்வையில் நிறுத்தி, மாற்றியிருக்கிறார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள்) மருந்துகளோடு வரும் தகவல் குறிப்பில், சிலருக்கு மறதியும் குழப்பமும் வரக்கூடும், பொதுவாகத் தீவிரமானவை அல்ல, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சேர்த்தது. அதனால் அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்தி என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் அதன் முதல் வரி உண்மை. நம் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. பெரும்பகுதி மையலினில், அதாவது மின்கம்பிக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை போல நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புப் படலத்தில். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு ஏற்படுத்தவும் கொலஸ்ட்ரால் தேவை. அது இல்லாவிட்டால் ஞாபகமே கிடையாது. சரி, அந்தக் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது? ரத்தத்திலிருந்து அல்ல. ரத்தத்தில் எல்டிஎல்லாக ஓடும் கொலஸ்ட்ரால் ரத்த-மூளைத் தடுப்பை, அதாவது மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள காவலை, தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்கிறது. வளர்ந்தவர்களில் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை அணுக்கள் அதைச் செய்து, அப்போஇ என்ற புரதத்தில் ஏற்றி நரம்பணுக்களுக்குக் கொடுக்கின்றன. நீங்கள் முட்டை சாப்பிட்டாலும் விட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. லேப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 160-இலிருந்து 70-க்கு வந்தால், மூளையின் கொலஸ்ட்ராலும் பாதியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. செய்தி எழுதியவர் இந்தத் தடுப்பை விட்டுவிட்டார்.

அந்த அப்போஇ-யைப் பற்றி இன்னொன்று. அதில் இ4 என்ற வகையைப் பெற்றவர்களுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 1993-இல் தெரியவந்தது. மூளைக்குள் கொலஸ்ட்ரால் கையாளப்படும் விதத்துக்கும் ஞாபகத்துக்கும் உறவு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. அந்த உறவு நம் ரத்த ரிப்போர்ட் எண்ணோடு நேராக இல்லை, அவ்வளவுதான்.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2002-இல் வெளியான பிரிட்டிஷ் ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடியில் 20,536 பேர் கலந்துகொண்டார்கள். சுமார் ஐந்து வருடம் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அறிவுத்திறன் சோதனையில் வித்தியாசம் இல்லை. 2017-இல் வந்த எபிங்காஸ் ஆய்வில், ஸ்டாட்டினோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எவோலோகுமாப் ஊசியும் போட்டு எல்டிஎல்லை மிகமிகக் கீழே கொண்டுபோனார்கள். அங்கேயும் ஞாபகம் குறையவில்லை. லண்டனில் நடந்து 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு எனக்குப் பிடித்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேரிடம் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என்று கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவின் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அவர்கள் பட்ட அவதி பொய்யில்லை, நிஜமான அவதி. காரணம்தான் பெரும்பாலும் மருந்தில் இல்லை, பயத்தில் இருந்தது.

மதுரைச் சகோதரி, உங்கள் அப்பாவின் கதையோடு நேராகத் தொடர்புள்ளது இது: லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் நடுவயதில் உயர்ந்திருக்கும் எல்டிஎல்லைப் புதிதாகச் சேர்த்தது. நடுவயது என்பதைக் கவனியுங்கள். மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே உடம்பு இளைத்து, கொலஸ்ட்ரால் தானாகவே குறையத் தொடங்குவதுண்டு. அந்த நேரத்தில் அளந்துவிட்டு, கொலஸ்ட்ரால் குறைந்ததால்தான் மறதி வந்தது என்று தலைகீழாகச் சொல்லிவிடுகிறார்கள்.

மதுரையிலிருந்து, மீண்டும்:

சார், ரொம்ப நன்றி. மூளை தனக்கானதைத் தானே செய்துகொள்கிறது என்ற பகுதியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். இப்போது மாத்திரையை மறுக்காமல் போட்டுக்கொள்கிறார், பிரஷரையும் எழுதி வைக்கிறோம். திருச்சித் தம்பி, தைராய்டு அவருக்கு இதுவரை பார்த்ததே இல்லை. அடுத்த முறை லிபிட் (கொலஸ்ட்ரால்) டெஸ்ட் எடுக்கும்போது டிஎஸ்எச், பி12 இரண்டையும் எழுதித் தரச் சொல்லப் போகிறேன். அதற்கும் வெறும் வயிற்றில்தான் வர வேண்டுமா? கோவை அண்ணா, மாத்திரை மாற்றிய பிறகு மந்தம் விலக எத்தனை நாள் ஆனது? அம்மாவும் இப்போது ஸ்டாட்டின் ஆரம்பித்திருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.